ஒரு கண்ணுக்கு ரஜா

ஆனி பிறந்து, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயின்மேல் மேகம் கவிந்து, மலையாள தேசத்தில் பெய்து தீர்ந்த மழையின் மிச்சம் சாரலாக இந்தப் பக்கம் சிதறத் தொடங்கியதும், தமிழ்நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகப் புறப்பட்டுக் குற்றாலத்துக்கு வந்து, பேரருவியில் தலையைக் கொடுத்து, ஐந்தருவியில் முதுகைக் கொடுத்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கும் கோழிக்கும் வயிற்றைக் கொடுத்து, உடம்பின் சகல அவயவங்களுக்கும் ஏதேனும் ஓர் உபசாரம் செய்துவிட்டு ஊர் திரும்புவது நெடுநாளைய சம்பிரதாயம். கண்ணுக்கு மட்டும் யாரும் எந்த உபசாரமும் செய்வதாகத் தெரியவில்லை. போன தலைமுறையில் அது மலையின் பச்சையைப் பார்த்துத் தானாகவே பிழைத்துக்கொண்டது. இந்தத் தலைமுறையிலோ, அருவிக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டு அருவியைக் கைப்பேசித் திரையில் பார்க்கும்படி அதற்கு உத்தரவாகியிருக்கிறது.

நான் வந்துபோகிறவன் அல்லன், தென்காசியிலேயே குடியிருப்பவன். ஆகையால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் எனக்கு அருவி ஸ்நானம். மற்ற நாட்களில் என் ஜீவனம் கணினியின் முன்னால். சென்னையிலுள்ள பதிப்பாளர்கள் அனுப்பும் புத்தகங்களின் மெய்ப்பைத் திரையிலேயே படித்துப் பிழை திருத்தி, திரை வழியாகவே திருப்பி அனுப்பி, திரை வழியாகவே கூலி வாங்கிக்கொள்கிறேன். ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாசம் செய்த நாட்களில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வருவார்கள். கவிதையும் விருந்தும் அந்த வீட்டில் சம அந்தஸ்து பெற்றிருந்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1954-ஆம் வருஷம் பிப்ரவரியில் டி. கே. சி.யும் டிசம்பரில் கல்கியும் மறைந்தார்கள். அப்புறம் இந்த மலையடிவாரத்தில் என்னென்னவோ நடந்துவிட்டன. மத்தளம்பாறையில் வயல்களுக்கு நடுவே ஜோஹோ நிறுவனத்தார் மென்பொருள் எழுதுகிறார்கள். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி ஜில்லாவாகி, ஜில்லாவுக்குரிய கோப்புகளும் திரைகளும் வந்து சேர்ந்தன. ஊரில் கண்ணைச் செலவழிப்பவர்களின் தொகை இப்படிப் பெருகிவிட்டபடியால், நான் சொல்லப்போகும் விஷயம் என் ஒருவனுடைய சொந்த விவகாரம் என்று நினைக்க வேண்டியதில்லை.

பிற்பகல் நாலு மணிக்கு மேல் எழுத்துக்கள் எனக்கு இரட்டைப் பிறவி எடுக்கத் தொடங்கின. ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் அதன் சூட்சும சரீரம் ஒன்று சற்றே விலகி நிற்கும். மற்ற உத்தியோகஸ்தர்களுக்கு இது வெறும் தலைவலி. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கோ ஜீவனோபாயத்துக்கே வந்த ஆபத்து. எந்த இடத்தில் ஒற்று மிகும், எந்த இடத்தில் மிகாது என்பதைப் பற்றித் தமிழில் உள்ள சந்தேகங்கள் போதாவென்று, எல்லா இடங்களிலும் ஒற்று மிகுந்தே தோன்றினால் ஒருவன் எதைத்தான் அடிப்பான், எதைத்தான் விடுவான்?

ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டாம் எழுத்து அந்தர்த்தானமாயிற்று. ஆனால் ஒரு கை கண்ணைக் காவல் காத்துக்கொண்டிருந்தால் மற்றொரு கையால் மட்டும் தட்டச்சு ஓடாது. ஆகவே கைக்குப் பதில் ஒரு துணியை அந்த ஸ்தானத்தில் நியமிப்பது என்று தீர்மானித்தேன். மருந்துக் கடையில், சஸ்திர சிகிச்சை ஆனவர்களுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பஞ்சு அட்டைதான் இருந்தது. அதை ஒட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்துடன் ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். எனவே எங்கள் தெருமுனைத் தையற்காரரிடம் போனேன். அவர் ரவிக்கை தைப்பதில் நிபுணர். நாடாவை என் தலையைச் சுற்றிப் பிடித்து அளவெடுத்து, அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு, “லைனிங் வைக்கணுமா அண்ணாச்சி?” என்று மிகுந்த கவனத்தோடு கேட்டார். மறுநாள் வாங்கப் போனபோது, கறுப்புத் துணியில் பாதாம் இலை வடிவில் கண்பட்டை தயாராக இருந்தது. ஓரத்தில், கேளாமலே, மெல்லிய சிவப்புப் பைப்பிங். தொழில் தர்மம் என்பது அதுதான், நான் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டு கண்களும் ஒரே யஜமானனுக்கு உழைக்கையில் ஒன்றுக்கு மட்டும் ஓய்வு கொடுப்பது நியாயமன்று என்று கருதி, முற்பகலில் இடக்கண்ணுக்கும் பிற்பகலில் வலக்கண்ணுக்குமாக முறை வைத்து ரஜா அளித்தேன். இந்த நீதிபரிபாலனம்தான் ஊரைக் குழப்பிவிட்டது. காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்தவர்கள் இடக்கண்ணில் வியாதி என்று அனுதாபப்பட்டார்கள். மாலையில் அதே டீக்கடையில் வலக்கண் மூடியிருக்கக் கண்டவுடன், வியாதி ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவிவிட்டது, ஆகையால் இது ‘மெட்ராஸ் ஐ’ தான் என்று ஏகமனதாக முடிவு கட்டினார்கள். கடைக்காரர் மரியாதை குறையாமல், “கிளாஸை அங்கனயே வச்சிருங்க அண்ணாச்சி, நான் எடுத்துக்கிடுதேன்” என்றார். உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்றை 1819-லேயே பெற்ற பட்டணத்துக்கு, அந்தப் புண்ணியத்துக்காகக் கிடைத்த கீர்த்தியைக் காட்டிலும், ஒரு கண்நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்ததனால் கிடைத்த கீர்த்தியே அதிகம். அந்த நோய் பார்வையால் ஒட்டாது, கையாலும் துண்டாலும்தான் ஒட்டும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அடுத்த வீட்டுப் பெரியவர் புராணங்களில் நல்ல பயிற்சி உள்ளவர். திண்ணையிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்னவே, சுக்கிராச்சாரி மாதிரி இருக்கீரு? யாரு தானம் குடுக்கதத் தடுத்தீரு?” என்றார். மகாபலி வாமனனுக்குத் தாரை வார்க்கும்போது சுக்கிராசாரியார் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்டு, தர்ப்பையால் குத்துப்பட்டு ஒரு கண்ணை இழந்த சரித்திரம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வருஷத்து அம்மன் கொடைக்குரிய வரியை நான் இன்னும் செலுத்தவில்லை என்பதும், வசூல் நோட்டு அவரிடம்தான் இருக்கிறது என்பதும் தெரியுமாதலால், அந்தக் கேள்வியை இலக்கிய ரசனையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று மாலையே வரியைக் கட்டினேன். கண்ணப்ப நாயனாரோடு ஒப்பிடக்கூடிய சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கவே இல்லை. ஊர் எப்போதும் சுக்கிராசாரியாரையே தேர்ந்தெடுக்கிறது.

விசுவநாதர் கோயில் வாசலில் வேறு விதமான அனுபவம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த அந்தக் கோயிலின் இராஜகோபுரம் இடிபட்டும் எரிந்தும் நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு மீண்டும் எழுந்தது. அதன் வாசலில் எந்நேரமும் அடிக்கும் காற்று ஊர் அறிந்த பிரசித்தம். அன்னியர்கள் அங்கே வேட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரனான நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கண்பட்டையை விட்டுவிட்டேன். சிவப்புப் பைப்பிங் வைத்த அந்தக் கறுப்பு வஸ்து பறந்துபோய்ப் பூக்கட்டும் பெண்மணியின் கூடையில் விழ, அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பிராயத்துக் குழந்தைக்குத் தைத்த என்ன உடுப்பு இது என்று விளங்காமல் பக்கத்துக் கடைக்காரியிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தாள். என்னுடையதுதான் என்று கேட்டு வாங்கிக்கொள்ளச் சிறிது தைரியம் வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் வேறு சங்கடம். ஒரு பொருள் நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, இரண்டு கண்களும் இரண்டு கோணங்களில் பார்த்துச் சொல்லும் இரண்டு சாட்சியங்களை ஒத்துப்பார்த்துத்தான் மூளை நிச்சயிக்கிறது. ஒரு சாட்சி வராவிட்டால் வழக்கு முடியாமல் போவதில்லை. ஆனால் தீர்ப்பு அரை அங்குலம் தவறுகிறது. காபியை ஆற்றும்போது அரை அங்குலம் என்பது அற்பமான தூரமன்று. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே நான் நிகழ்த்திய அபிஷேகத்தைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்த என் மனைவி, “மேஜை குடிச்சது போதும், இனி நீங்க குடிங்க” என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பஸ் கண்டக்டரின் உள்ளங்கையில் வைத்த சில்லறை தரையில் விழுந்தது. குற்றாலத்துப் பழக்கடையில் மங்குஸ்தானை எடுப்பதற்காக நீட்டிய கை, அதை விற்கிற அம்மாளின் மணிக்கட்டைப் பற்றியது. அதை விவரிக்காமல் விடுகிறேன்.

இப்படிப்பட்ட நிலைமையில் ஒருவர் கிரிக்கெட் ஆடினார் என்பதை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. பட்டோடி நவாப் மன்சூர் அலிகான் 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த ஒரு மோட்டார் விபத்தில் வலக்கண்ணின் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். மீண்டும் மட்டையைப் பிடித்தபோது ஒரு பந்து இரண்டு பந்துகளாக வந்தது. தொப்பியின் முன்மடலை வலக்கண் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டாம் பந்து ஒழிந்தது. விபத்து நடந்து ஆறேழு மாசத்துக்குள், 1962 ஜனவரியில், நம் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்டில் 103 ஓட்டங்கள் எடுத்தார். மார்ச்சில், 21 வயதில், இந்திய அணிக்கே தலைவரானார். அவருக்குத் தையற்காரர் தேவைப்படவில்லை என்பதையும், பந்து வேகமாக வருமேயன்றிக் காபியைப் போலச் சிந்தாது என்பதையும் மட்டும் என் தரப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு கண் வைத்தியரைப் பார்த்தேன். அவர் என் கண்பட்டையை வாங்கி, பைப்பிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வேலைப்பாடு நன்றாக இருக்கிறது” என்று பாராட்டிய பிறகு சொன்ன விஷயங்கள் எனக்கு மிகவும் ருசிகரமாக இருந்தன. பக்கத்திலுள்ளதைப் பார்க்கும்போது கண்கள் இரண்டு காரியங்கள் செய்கின்றன: உள்ளே இருக்கிற வில்லையைத் தசை இறுக்கிக் குவிக்கிறது, இரண்டு விழிகளும் மூக்கை நோக்கிச் சற்றே திரும்புகின்றன. நாளெல்லாம் திரையைப் பார்த்தால் இந்தத் திரும்பல் தளர்ந்து, ஒரு விழி தன் நிலையிலிருந்து நழுவுகிறது, பிம்பம் இரண்டாகிறது. கண்ணை மூடினால் இரண்டாவது பிம்பம் போய்விடும் என்பது வாஸ்தவம். ஆனால் மூடிய கண் இளைப்பாறுகிறது என்பது வெறும் கற்பனை. மூளையிலிருந்து பிறக்கும் ஆக்ஞை இரண்டு கண்களுக்கும் சமமாகவே போகிறது என்பதை ஜெர்மானிய சாஸ்திரி எவால்ட் ஹெரிங் 1868-லேயே எழுதிவைத்துவிட்டார். திறந்த கண் எவ்வளவு பாடுபட்டு எழுத்தின்மேல் குவிகிறதோ, அவ்வளவு பாடும்பட்டு மூடிய கண்ணும் கறுப்புத் துணிக்கு உட்புறத்தில் ஒன்றுமில்லாததன்மேல் குவிந்துகொண்டிருக்கிறது. நான் நீதி தவறாமல் முறை வைத்துக் கொடுத்த ரஜாவெல்லாம், இருட்டறையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யச் சொன்ன கதைதான்!

சிரமத்துக்கு வேறொரு மூலகாரணமும் உண்டென்றார் வைத்தியர். சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவைக்குக் குறையாமல் இமைக்கிற மனிதன், திரையின் முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் உலர்ந்து கண் எரிகிறது. இமையாமை தேவர்களுக்கு இலக்கணம் என்றும், நளனுடைய வடிவில் வந்து நின்ற தேவர்களைத் தமயந்தி அடையாளம் கண்டுகொண்டது இதனால்தான் என்றும் படித்திருக்கிறோம். இன்று தமயந்தி மாலையும் கையுமாக ஒரு கணினி அலுவலகத்துக்குள் நுழைவாளேயானால், எந்த மேஜையிலும் நளன் அகப்படாமல் திரும்பிவிடுவாள். போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் காற்று. எந்தக் காற்றுக்காகச் சென்னைவாசி செலவழித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிறானோ, அதே காற்றுக்கு நேராக ஜன்னலைத் திறந்துவைத்து அதன் எதிரே இமைக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு இது நேராமல் வேறு என்ன நேரும்?

பரிகாரங்கள் மூன்று. திரையின் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி. ஒரு பென்சிலை நீட்டிப் பிடித்து, முனை இரண்டாகாமல் பார்த்துக்கொண்டே மெல்ல மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி. மூன்றாவது, 20 நிமிஷத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 விநாடி நேரம் பார்ப்பது. இந்த மூன்றாவது சூத்திரத்தை இயற்றியவர் அகலமான தெருவில் வசித்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் 20 அடிக்கு அப்பால் என்றால் எதிர்வீட்டுத் திண்ணை, திண்ணையில் ஆச்சி. நானும் வைத்திய சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டு, ஒரு கண்ணைத் துணியால் மூடி மறு கண்ணால் அந்தத் திசையை நோக்கி வந்தேன். சில நாட்களுக்குள் ஆச்சி என் மனைவியைக் கூப்பிட்டு, “ஏட்டி, உன் வீட்டுக்காரருக்கு என்ன? மணிக்கு மூணு வாட்டி ஒத்தக் கண்ணால என்னைய முறைக்காரு” என்று விசாரித்தாளாம். கணக்கில் பிசகில்லை. அதற்கப்புறம் நான் மொட்டைமாடிக்குப் போய்த் திரிகூடமலையைப் பார்க்கிறேன். மலைக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கிடையில் விருந்தாளிகள் வந்துவிட்டபடியால் குற்றாலம் போக நேர்ந்தது. அங்கே சித்திர சபைக்குள் நுழைந்ததும், என் கண்பட்டைக்கு ஏற்ற ஸ்தலம் இதுவன்றோ என்று தோன்றிற்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று நடராஜர் ஆடும் சபைகளில், இங்கே மட்டும் அவர் சித்திரமாகச் சுவரில் நின்று ஆடுகிறார். சுவரில் எழுதிய சித்திரத்துக்குத் தூரம் ஏது, ஆழம் ஏது? இரண்டு கண்களால் பார்க்கிறவனுக்கு ‘இது தட்டையான சுவர்’ என்று மூளை காதோடு சொல்லிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கண்ணனுக்கு அந்தச் சாட்சியம் கிடைக்காததால், சித்திரம் சற்றே புடைத்து உயிர் பெற்றுத் தெரிகிறது. என் விருந்தாளிகளுக்கு அன்று கிடைத்த தரிசனத்தைவிட எனக்குக் கிடைத்தது ஒரு மாற்று உயர்ந்தது என்பதே என் துணிபு.

பேரருவியின் எதிரில் இன்னொரு வித்தை. பொங்குமாகடலில் விழுந்து பொங்கி எழுந்து மறுபடி இறங்குகிற நீரைத் திறந்த கண்ணால் ஒரு நிமிஷம் அசையாமல் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால், பாறை மெதுவாக மேலே ஏறுகிறது. 1834-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காத்லாந்தில் ஃபாயர்ஸ் என்ற அருவியின் எதிரில் இதைக் கண்டு எழுதிவைத்தார். குற்றாலத்தில் எத்தனை நூற்றாண்டாக எத்தனை பேர் கண்டு, எண்ணெய் மயக்கம் என்று நினைத்துப் பேசாமல் போனார்களோ! நான் அருவியை ஒரு கண்ணால் பார்த்த பிறகு, கண்பட்டையை மாற்றி, அதுவரை மூடிக்கிடந்த கண்ணால் பாறையைப் பார்த்தேன். அதற்கும் பாறை ஏறிற்று. கொஞ்சம் சோம்பலாக, ஆனாலும் ஏறிற்று. அருவியையே பாராத கண்ணுக்கு அருவியின் மயக்கம் எங்கிருந்து வந்தது? ஹெரிங்கின் வாதத்துக்கு இதைவிட நல்ல அனுபந்தம் வேண்டியதில்லை. பார்ப்பது கண் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பின்னால் உட்கார்ந்திருக்கும் யஜமானன் இரண்டு கண்களின் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதுகிறான். இவ்வளவையும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் சொன்னேன். அவர், “தலையைக் குனியுங்க” என்றார்.

ஆனால் கண்பட்டையை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. இருட்டுக்குப் பழகும் காரியத்தை மட்டும் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் செய்துகொள்கிறது. முழுதும் பழக அரை மணி நேரம் பிடிக்கும். கடற்கொள்ளைக்காரர்கள் இதற்காகவே ஒரு கண்ணை மூடி வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று ஒன்றும் கிடையாது. எங்கள் தெருவில் சாரல் காலத்து இரவில் கரண்ட் போவதற்குச் சான்று தேவையில்லை. வீடே தடுமாறுகையில் நான் துணியை மேலே தூக்கிவிட்டு நேரே போய் மெழுகுவத்தியை எடுத்து வருகிறேன். இன்னொரு லாபமும் இருக்கிறது. காணொளியில் கூட்டம் நடக்கும்போது, என் முகம் தெரிந்த மாத்திரத்தில் எதிர்த் தரப்பார் திடுக்கிட்டு, “உங்களுக்குச் சிரமம் வேண்டாம், இன்றைக்குச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம்” என்கிறார்கள். கண்ணாடியாலும் பென்சிலாலும் மலையாலும் எனக்குக் கிடைத்த குணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தை முடிக்கும் வல்லமை அந்த மூன்றுக்கும் கிடையாது.

திரையின் முன்னால் காலங்கழிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வேலை மிகுந்த மாலையில் எழுத்து இரட்டித்து, உறங்கி எழுந்ததும் சரியாகிவிடுமானால், சாவகாசமாக ஒரு நாள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் திரையை விட்டு எழுந்த பிறகும், திடீரென்று ஒரு நாள், எதிரில் நிற்கும் மனிதரே இருவராகத் தெரிந்தால், அது கண்ணோடு நிற்கிற சங்கதியாக இல்லாமலும் இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போய்விடுங்கள். தையற்காரர் எங்கும் போய்விட மாட்டார்.